விசென்டர் அப்கிரேடு பாதியில் நின்றுவிட்டதா? புதியதை விடுங்கள், பழையதைப் பாருங்கள்

வெர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் விஎம்வேரின் விசென்டர் 7.0க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் இத்தனை நாள் தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் இப்போது 8.0க்கு ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கூடவே அப்கிரேடு பாதியில் நின்று, சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இது.

அந்தத் திரையைப் பார்த்ததும் எல்லாருக்கும் வரும் முதல் எண்ணம், பாதியில் நிற்கும் புதிய விசென்டரை எப்படியாவது எழுப்பிவிடலாம் என்பது. வேண்டாம். பாதி அப்கிரேடான ஒன்றை ஒட்டுப்போட்டு ஓட்டினால், ஆறு மாதம் கழித்து வேறொரு நாளில் வேறொரு ரூபத்தில் அது திரும்ப வரும். தவிர, கோளாறு பெரும்பாலும் புதியதில் இருப்பதே இல்லை. காலாவதியான சான்றிதழ், நிரம்பிய டிஸ்க், தப்பான டிஎன்எஸ் பதிவு என்று பழையதில் வெகுநாளாகக் கிடந்ததைத்தான் அப்கிரேடு வெளியே கொண்டுவருகிறது. ஆகவே பழையதற்குத் திரும்பி, அங்கே சரிசெய்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டுவதே நல்லது.

என்ன ஓடுகிறது, என்ன ஓடவில்லை

மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி "சர்வர் எல்லாம் போச்சா?" என்பதாகத்தான் இருக்கும். போகவில்லை. விசென்டர் நிர்வாகம் செய்யும் இடம் மட்டுமே. வெர்ச்சுவல் மெஷின்கள் (விஎம்கள்) ஓடுவது ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டுகளில், அதாவது ஈஎஸ்எக்ஸ்ஐ நிறுவிய நிஜ சர்வர்களில். விசென்டர் படுத்தாலும் அவை பாட்டுக்கு ஓடும். ஒரு ஹோஸ்ட் செத்தால் அதிலிருந்த விஎம்களை வேறு ஹோஸ்டில் எழுப்பும் ஹெச்ஏ வேலைகூட நடக்கும், ஏனென்றால் அதற்கான ஏஜென்ட் ஹோஸ்டுகளிலேயே இருக்கிறது. நின்றுபோவது ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் விமோஷன், ஹோஸ்டுகளுக்குள் சுமையைப் பகிரும் டிஆர்எஸ், டெம்ப்ளேட்டிலிருந்து புது விஎம் உருவாக்குவது, அப்புறம் விசென்டரை நம்பியிருக்கும் பேக்கப் மென்பொருள். இரவு பேக்கப் ஓடாமல் போகும் என்பதை மட்டும் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி நிதானமாக வேலை பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

நீங்கள் செய்தது அப்கிரேடா, பேட்சா?

இது தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. இரண்டிலும் திரும்பும் வழி வேறு வேறு.

7.0இலிருந்து 8.0க்குப் போவது போன்ற பெரிய தாவலில், பழைய விசென்டர் மேலேயே எதுவும் நிறுவப்படுவதில்லை. முதல் கட்டத்தில் பக்கத்திலேயே ஒரு புதிய அப்ளையன்ஸ் (விசென்டர் ஓடும் விஎம்), தற்காலிக ஐபியோடு உருவாகும். இரண்டாம் கட்டத்தில் பழையதிலிருந்து தரவு எடுக்கப்படும், பழையது அணைக்கப்படும், புதியது அதன் பெயரையும் ஐபியையும் வாங்கிக்கொண்டு தரவை உள்ளே ஏற்றும். அதாவது உங்கள் பழைய விசென்டர் கை படாமல் அப்படியே இருக்கிறது. திரும்புவது சுலபம்.

8.0க்குள்ளேயே ஒரு அப்டேட்டிலிருந்து அடுத்த அப்டேட்டுக்குப் போவது பேட்ச். போர்ட் 5480இல் திறக்கும் நிர்வாகப் பக்கத்திலிருந்து செய்வது வழக்கம். இங்கே அதே மெஷின்மேல்தான் எல்லாம் நடக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் அதற்குத் திரும்பலாம். எடுக்கவில்லை என்றால் கைவசம் இருப்பது கோப்பு வடிவ பேக்கப் ஒன்றுதான், அதையும் அதே பதிப்பு, அதே பில்டு எண் உள்ள புதிய அப்ளையன்ஸில்தான் மீட்க முடியும்.

புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது ஐஎஸ்ஓ கோப்பில். பெயரில் "விசிஎஸ்ஏ-ஆல்" என்று இருப்பது முழு நிறுவி, பெரிய அப்கிரேடுக்கு. "பேட்ச்-எஃப்பி" என்று முடிவது பேட்சுக்கு. இரண்டும் பல ஜிபி அளவு, ஒரே பக்கத்தில் கிடக்கும். பேட்ச் ஐஎஸ்ஓவை மவுன்ட் செய்து நிறுவியைத் தேடினால் கிடைக்காது.

முதல் கட்டத்தில் நின்றால்

இது லேசான கேஸ். பழைய விசென்டரை இன்னும் யாரும் அணைக்கவில்லை. பாதியில் கிடக்கும் புதிய விஎம்மை அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். நின்றுவிட்டது என்று முடிவுகட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். 80 சதவீதத்தையொட்டி ஆர்பிஎம் நிறுவப்படுவதாகச் சொல்லிக்கொண்டு அது வெகுநேரம் அசையாமல் இருப்பது சாதாரணம். அந்த நேரத்தில் லேப்டாப்பை மூடி வைத்தால்தான் வம்பு.

நிஜமாகவே நின்றிருந்தால் காரணம் பெரும்பாலும் நெட்வொர்க். நிறுவி ஓடும் கணினிக்கு ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டின் பெயர் டிஎன்எஸ்ஸில் கிடைக்க வேண்டும், போர்ட் 443 திறந்திருக்க வேண்டும். ஹோஸ்டின் முகவரியை விட்டுவிட்டு அப்கிரேடு செய்யப்போகும் விசென்டரின் மூலமாகவே புதியதை இறக்கியிருந்தாலும் பெயர் விஷயம் அதேதான்: எந்த ஹோஸ்டில் இறங்குகிறதோ அதன் பெயரும் நிறுவி இருக்கும் கணினிக்குத் தெரிய வேண்டும். தற்காலிக ஐபிக்கும் பழைய விசென்டருக்கும் நடுவே ஃபயர்வால் இருந்தால் 22, 443 இரண்டும் திறந்திருக்கட்டும். தற்காலிக ஐபியைப் பழையதன் அதே நெட்வொர்க்கிலேயே எடுத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

விஎம் இணையும் நெட்வொர்க்கைத் தேர்வு செய்யும் போர்ட் குரூப் பட்டியலில் உங்களுடையது வரவேயில்லை என்றால், அது விசென்டர் நிர்வகிக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சில் இருக்கும், பைண்டிங் (போர்ட்டை ஒதுக்கும் முறை) எஃபெமரல் ஆக இருக்காது. ஹோஸ்டோடு நேராகப் பேசும்போது எஃபெமரல் போர்ட் குரூப்பும் ஸ்டாண்டர்டு ஸ்விட்ச் போர்ட் குரூப்பும்தான் தேர்வு செய்யக் கிடைக்கும். விசென்டர் இருக்கும் நெட்வொர்க்குக்கு ஒரு எஃபெமரல் போர்ட் குரூப் எப்போதும் தயாராக இருப்பது நல்ல பழக்கம். விசென்டரே இல்லாத நாளில் அதுதான் கைகொடுக்கும்.

டிஸ்க் இடத்தையும் பாருங்கள். 8.0இல் மிகச் சிறிய அளவான டைனிக்கே 14 ஜிபி ராமும் 579 ஜிபி டிஸ்க்கும் ஒதுக்கும். தின் டிஸ்க் என்று குறித்தால் அவ்வளவும் உடனே தேவைப்படாது.

இரண்டாம் கட்டத்தில் நின்றால்: முதலில் லாக், பிறகு திரும்புதல்

உண்மையான வேலை இங்கேதான். ரொம்பப் பேர் அவசரத்தில் புதிய விஎம்மை உடனே அழித்துவிடுகிறார்கள். கூடவே லாக்கும் போய்விடும். அப்புறம் எதனால் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. மறுபடி ஓட்டினால் அதே இடத்தில் நிற்கும். ஆகவே புதியது உயிரோடு இருக்கும்போதே அதன் லாக்குகளை வெளியே எடுத்துவிடுங்கள். பிழைத் திரையிலேயே லாக் தொகுப்பை இறக்கும் வழி இருக்கும். அது வேலை செய்யவில்லை என்றால், புதியதன் கன்சோலில் ரூட்டாக நுழைந்து விசி-சப்போர்ட் கட்டளையை ஓட்டினால் தொகுப்பு கிடைக்கும்.

எதைப் படிப்பது? வார், லாக், ஃபர்ஸ்ட்பூட் என்று வரிசையாக உள்ளே போனால் ஃபர்ஸ்ட்பூட்ஸ்டேட்டஸ் என்ற பெயரில் ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். சின்னக் கோப்புதான். அதில் ஃபெயில்டுஸ்டெப்ஸ் என்ற வரியில், எந்தச் சேவையின் நிறுவல் விழுந்தது என்று ஒரே பெயராக எழுதியிருக்கும். உதாரணத்துக்கு விஎம்ஐடென்டிட்டி-ஃபர்ஸ்ட்பூட் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அடைவில் அந்தப் பெயரில் தொடங்கி ஸ்டிடிஎரர் என்று முடியும் லாக்கைத் திறங்கள். அங்கே பைத்தான் பிழைகள் பத்து இருபது வரிக்கு அடுக்கிக் கிடக்கும். கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தேடலில் போடாதீர்கள். ஒரு சேவை விழுந்தால் அதை நம்பியிருக்கும் மற்றவை வரிசையாக விழும். கடைசியில் விழுந்தது பாவம், அதன்மேல் குற்றமில்லை. மேலே போய், முதன்முதலில் எங்கே எரர் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள். தரவை எடுக்கும், ஏற்றும் கட்டங்களில் நின்றிருந்தால் வார், லாக், விஎம்வேர், அப்கிரேடு அடைவில் இருப்பவற்றை இதே மாதிரி மேலிருந்து படிக்கலாம்.

லாக் கைக்கு வந்ததா? சரி, இப்போது திரும்பலாம்.

பழையது அணைக்கப்படும் முன்பே நின்றிருந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதியதை அணைத்து அழித்தால் போதும். பழையது அணைக்கப்பட்ட பிறகு நின்றிருந்தால் வரிசை முக்கியம். முதலில் புதியதை அணையுங்கள். அணைந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் பழையதை எழுப்ப வேண்டும். இரண்டும் ஒரே ஐபியோடு ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால் ஹோஸ்டுகளுக்கு யாரோடு பேசுவது என்றே தெரியாது.

பழையதை எழுப்ப விசென்டர் திரை உங்களிடம் இல்லையே! அது இருக்கும் ஹோஸ்டின் முகவரியை நேராகப் பிரவுசரில் திறந்து, அந்த ஹோஸ்டின் ரூட் பாஸ்வேர்டில் நுழைந்து எழுப்ப வேண்டும். எந்த ஹோஸ்ட் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து தேடத்தான் வேண்டும். அதனால்தான் அப்கிரேடுக்கு முன்பே டிஆர்எஸ்ஸை மேனுவலுக்கு மாற்றி, எந்த விஎம் எந்த ஹோஸ்டில் இருக்கிறது என்று குறித்துவைக்கச் சொல்வது. ஹோஸ்டுகள் லாக்டவுன் மோடில் இருந்தால் நேரடி நுழைவு கிடைக்காது, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையது எழுந்து எல்லாச் சேவையும் வர பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். அதுவரை 503 என்று காட்டினால் பயப்படாதீர்கள். வந்த பிறகு ஏதாவது ஹோஸ்ட் துண்டிக்கப்பட்டதாகத் தெரிந்தால், வலது கிளிக் செய்து மறுபடி இணைத்தால் வந்துவிடும்.

பழையதில் எதைத் தேடுவது

லாக் ஒரு பெயரைக் காட்டியிருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். அது புரியவில்லை என்றால், நான் பார்க்கும் வரிசை இது.

*பாஸ்வேர்டு.* அப்ளையன்ஸின் ரூட் பாஸ்வேர்டு இயல்பாக 90 நாளில் காலாவதியாகும். தினமும் யாரும் ரூட்டாக நுழைவதில்லை என்பதால் காலாவதியானது தெரியவே தெரியாது. கன்சோலில் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள், மாற்றிய கையோடு 5480 பக்கத்தில் நுழைந்து பாருங்கள். விஸ்பியர் டாட் லோக்கலின் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கும் இதே 90 நாள்தான்.

*சான்றிதழ்.* பிரவுசரில் பூட்டுச் சின்னத்தைத் தட்டி, தேதி சரியாக இருக்கிறது என்று திருப்தியாகிவிடுவார்கள். அது இயந்திரத்தின் வெப் சான்றிதழ் மட்டும். உள்ளே எஸ்டிஎஸ் என்ற டோக்கன் சேவைக்குத் தனியாகக் கையொப்பச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. 6.5 அப்டேட் 2 முதல் புதிதாக நிறுவிய பலவற்றில் அதன் ஆயுள் 2 வருடம். அது முடிந்துவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் விசென்டர் ஒருவேளை ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு ரீஸ்டார்ட் போட்டால் எழாது. அப்கிரேடு என்பதே ஒரு ரீஸ்டார்ட்தானே. செக்எஸ்டிஎஸ் என்ற பைத்தான் ஸ்கிரிப்டை விஎம்வேரே கொடுக்கிறது, அது தேதியைச் சொல்லும். ஃபிக்ஸ்எஸ்டிஎஸ் புதுச் சான்றிதழ் போட்டுத்தரும். இப்போது வரும் விசெர்ட் கருவியில் இரண்டு வேலையும் சேர்ந்தே இருக்கிறது. 8.0க்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: எஸ்எச்ஏ-1 கையொப்பமிட்ட சான்றிதழ்களை 8.0 ஏற்காது. எப்போதோ யாரோ ஏற்றிவிட்டுப் போன பழைய ரூட் சான்றிதழ் நம்பகப் பட்டியலில் கிடந்தாலும் முன்சோதனை அதைப் பிடித்துக்கொள்ளும். அது எங்கிருந்து வந்தது, இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்.

*டிஎன்எஸ்.* பெயரைக் கொடுத்தால் ஐபி வர வேண்டும், ஐபியைக் கொடுத்தால் அதே பெயர் திரும்ப வர வேண்டும். முதல் பாதியை எல்லாரும் சோதிக்கிறார்கள். இரண்டாவதில்தான் சிக்கல். 10.10.5.20 என்ற ஐபி விசென்டருக்குத் தரும் முன் வேறு ஒரு சர்வரிடம் இருந்திருக்கும், அதன் பழைய பெயர் ரிவர்ஸ் பதிவில் அப்படியே தங்கியிருக்கும். விசென்டர் நிறுவும்போது எந்தப் பெயரைக் கொடுத்தார்களோ அதுதான் அதன் அடையாளம், பிஎன்ஐடி என்பார்கள். விஎம்ஏஎஃப்டி-சிஎல்ஐ கருவியிடம் கெட்-பிஎன்ஐடி என்று கேட்டால் சொல்லும். உங்கள் டிஎன்எஸ் சொல்லும் பெயரும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும்.

*நேரம்.* விசென்டர், ஹோஸ்டுகள், டொமைன் கன்ட்ரோலர் எல்லாம் ஒரே என்டிபி சர்வரைப் பார்க்கின்றனவா? சில நிமிட வித்தியாசமே டோக்கனைச் செல்லாததாக்கிவிடும்.

*டிஸ்க்.* ஷெல்லில் டிஎஃப் கட்டளை காட்டும் பட்டியலில் ஸ்டோரேஜ் லாக், ஸ்டோரேஜ் கோர், அப்புறம் ரூட் பகிர்வு மூன்றையும் கவனியுங்கள். கோர் நிரம்பியிருந்தால் ஏதோ சேவை விழுந்துவிழுந்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம். கோப்புகளை அழிப்பதோடு நிறுத்தாமல் எந்தச் சேவை என்றும் பாருங்கள். ஸ்டோரேஜ் ஆர்க்கைவ் கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கும், அது அப்படியே வடிவமைத்தது. அதைச் சுத்தம் செய்யப் போகாதீர்கள். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்று வந்தால் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கும், டிஎஃப்பை ஐ விருப்பத்தோடு ஓட்டினால் தெரியும். ஸ்டோரேஜ் சீட் பகிர்வில் பழைய நிகழ்வுகளும் புள்ளிவிவரங்களும் மலையாகக் குவிந்திருந்தால், அப்கிரேடின்போது வரலாற்றுத் தரவை விட்டுவிட்டு அமைப்புகளை மட்டும் எடுத்துச்செல்லும் தேர்வைப் போடுங்கள். நேரம் வெகுவாகக் குறையும்.

*பதிப்பு.* 8.0க்கு 6.7, 7.0 இரண்டிலிருந்தும் நேராக வரலாம், 6.5இலிருந்து முடியாது. 6.5 ஹோஸ்டுகளை 8.0 விசென்டர் நிர்வகிக்கவும் செய்யாது. விசித்திரமான தடை ஒன்றும் உண்டு. உங்கள் 7.0 பேட்ச், நீங்கள் போகப்போகும் 8.0 பேட்சைவிடத் தேதியில் பிந்தியதாக இருந்தால் விடாது. எண் பெரியதாக இருந்தால் மட்டும் போதாது, வெளியீட்டுத் தேதியும் பிந்தியதாக இருக்க வேண்டும். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் புதியது என்பதற்காகவே ஏறுவதும் ஆபத்து. 7.0 அப்டேட் 3ஐ 2021 நவம்பரில் விஎம்வேரே திரும்பப் பெற்று, 2022 ஜனவரியில் 3சி என்று சரிசெய்து வெளியிட்டது.

இத்தனையையும் கையால் தேட நேரமில்லை என்றால் விடிடி என்ற கண்டறியும் கருவியை ஓட்டுங்கள். மேலே சொன்னதில் பெரும்பகுதியைச் சோதித்து, தேறியது தேறாதது என்று அடுக்கித் தரும். பல விசென்டர்கள் இணைந்திருக்கும் இடத்தில், எப்போதோ நீக்கிய ஒன்றின் பதிவு ஒட்டிக்கொண்டிருந்தால் எல்எஸ்டாக்டர் என்ற கருவி பிடிக்கும்.

பேட்ச் நின்றிருந்தால்

"அப்டேட் தோல்வி, விசென்டர் இயங்கும் நிலையில் இல்லை" என்று 5480 பக்கம் சொன்னால், ஸ்னாப்ஷாட் இருக்கும்பட்சத்தில் யோசிக்காமல் திரும்புங்கள். லாக்கை எடுத்த பிறகுதான், மறக்காதீர்கள்: வார், லாக், விஎம்வேர், ஏபிபிஎல்எம்ஜிஎம்டி அடைவில் பேட்ச்ரன்னர் என்ற கோப்பு.

திரும்பிய பிறகும், இல்லை பேட்ச் தொடங்கும் முன்பேகூட, "ஏற்கெனவே ஓர் அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது" என்று சில சமயம் அடம்பிடிக்கும். எதுவும் நடக்கவில்லை. முந்தைய முயற்சியின் நிலையைக் குறித்துவைத்த சாஃப்ட்வேர்_அப்டேட்_ஸ்டேட் என்ற சின்ன கான்ஃப் கோப்பு ஈடிசி, ஏபிபிஎல்எம்ஜிஎம்டி, அப்ளையன்ஸ் அடைவில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். ஏபிபிஎல்எம்ஜிஎம்டி சேவையை நிறுத்தி, அந்தக் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தி, சேவையை மறுபடி எழுப்பினால் தெளிந்துவிடும். பேட்ச் நிஜமாகவே பாதியில் நின்ற மெஷினில், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பாமல் இதை மட்டும் செய்து மறுபடி ஓட்டாதீர்கள்.

அப்டேட்டைத் தேடும்போதே பிழை வந்தால் முகவரியைப் பாருங்கள். விஎம்வேர் பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 2025இல் பழைய பதிவிறக்க முகவரிகள் மாறிவிட்டன. உங்கள் கணக்குக்கான டோக்கனைச் சேர்த்த புதிய முகவரி வேண்டும். அதற்கு அலையப் பிடிக்காதவர்கள் பேட்ச் ஐஎஸ்ஓவை இறக்கி விஎம்மில் மாட்டிவிடலாம்.

மறுபடி ஓட்டும் முன்

சரிசெய்ததும் பழைய விசென்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் போடுங்கள். சர்வீஸ்-கன்ட்ரோல் கட்டளையை ஸ்டேட்டஸ், ஆல் என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டி, தானாக எழ வேண்டியவை எல்லாம் எழுந்தனவா என்று பாருங்கள். இந்த ரீஸ்டார்ட்டைத் தாங்காத விசென்டர் அப்கிரேடைத் தாங்காது.

பிறகு கோப்பு வடிவ பேக்கப். அதன்பின் விசென்டரை அணைத்து ஸ்னாப்ஷாட். லிங்க்டு மோடில் ஒன்றுக்கு மேற்பட்ட விசென்டர் இருந்தால் அத்தனையையும் ஒரே நேரத்தில் அணைத்து, அத்தனைக்கும் எடுக்க வேண்டும். திரும்பும்போதும் எல்லாம் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஒன்றை மட்டும் பின்னுக்கு இழுத்தால் அவற்றுக்குள் நடக்கும் ரெப்ளிகேஷன் கெட்டு, தொடங்கியதைவிடப் பெரிய பிரச்சினை ஆகிவிடும்.

முதல் கட்டம் முடிந்ததும் உடனே இரண்டாம் கட்டத்துக்குத் தாவாதீர்கள். புதிய அப்ளையன்ஸை அணைத்து அதற்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு எழுப்புங்கள். தற்காலிக ஐபியின் 5480 பக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மறுபடி நின்றால் இந்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி இரண்டாம் கட்டத்தை மட்டும் ஓட்டினால் போதும், முதல் கட்டத்துக்கான நேரம் மிச்சம்.

ஏறிய பிறகு

எல்லா ஹோஸ்டும் இணைந்திருக்கின்றனவா, ஒரு விஎம்மை விமோஷன் செய்ய முடிகிறதா, பேக்கப் வேலை ஒன்று முழுதாக ஓடுகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை அன்றைக்கே கையால் ஓட்டிப் பாருங்கள், இரவுவரை விடாதீர்கள். பழைய விசென்டரை ஒரு வாரமாவது அணைத்தே வைத்திருங்கள். யாரும் தெரியாமல் எழுப்பிவிட்டாலும் மோதாதபடி அதன் நெட்வொர்க் கார்டின் "பவர் ஆன் ஆகும்போது இணை" என்ற குறியை எடுத்துவிடுங்கள். அதன் பெயரோடு "பழையது, எழுப்பாதே" என்று சேர்த்தால் இன்னும் நல்லது. பேட்ச் செய்தவர்கள் ஸ்னாப்ஷாட்டை இரண்டு மூன்று நாளில் நீக்கிவிட வேண்டும், வைத்திருந்தால் டேட்டாஸ்டோரைத் தின்றுகொண்டே போகும். டிஆர்எஸ்ஸைப் பழைய நிலைக்கு மாற்றுங்கள்.

லைசென்ஸையும் மறக்காதீர்கள். 7.0இன் சாவி 8.0க்குச் செல்லாது. அப்கிரேடு முடிந்ததும் 60 நாள் மதிப்பீட்டு முறையில் எல்லாம் ஒழுங்காக ஓடும், 61ஆம் நாள் ஹோஸ்டுகள் துண்டிக்கப்படும். 8.0 சாவியை அன்றைக்கே போட்டுவிட்டு, ஹோஸ்டுகளை 8.0க்கு ஏற்றும் வேலையை அடுத்த பராமரிப்பு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.